வெயிலில் வைத்த டோர் பேடு

சைமன்ராஜின் வெள்ளைச் சட்டையில் கறை ஏறியதை முதலில் பார்த்தவள் ரெஜினாதான். பெரியப்பா காருக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பழுப்பாக ஒரு இழுப்பு இழுத்திருந்தது.

"பெரியப்பா, கையப் பாருங்க."

அவர் பார்த்தார். விரலால் தடவி மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏம்மா லூசி, டீசல் நாத்தம் அடிக்குதே! காருக்குள்ளயா டீசல ஊத்தின?"

லூசியம்மாள் வாசற்படியில் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். சுரங்கத்துக் கேன்டீனில் முதல் ஷிப்ட் முடித்து வந்து, மூத்தார் வரப்போகிறார் என்று அவசர அவசரமாகக் காரைத் துடைத்து வைத்தது அவள்தான். சுரங்கத்தில் எது அழுக்கானாலும் டீசலும் பனியன் வேஸ்ட் துணியும்தான். சக்கரமோ ஸ்பேனரோ சொந்தக் கையோ, எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். அவள் புருஷன் அருள்நாதன் ஒர்க்‌ஷாப்பில் இருந்த காலம் முழுக்க வீட்டுச் சைக்கிளையும் கேஸ் அடுப்பையும் அப்படித்தான் துடைத்தார். ஒரு தடவை திரு இருதயப் படத்தின் சட்டத்தைக்கூடத் துடைத்துவிட்டு, வீடு முழுக்க ஒர்க்‌ஷாப் வாசத்தோடு ஜெபமாலை சொல்ல வைத்தார். டீசல் பட்டால் சுத்தம். அந்த வீட்டில் யாருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை.

டீசல் பட்டதும் காரின் உள்பக்கம் பளபளத்தது உண்மைதான். ஆனால் அந்தப் பளபளப்புக்கு அடியில், வருஷக்கணக்காகப் படிந்திருந்த நிலக்கரித் தூளும் சாம்பலும் ஊறிக் கிளம்பி, யார் வந்து சாய்வார்கள் என்று பிசுபிசுவெனக் காத்துக்கொண்டிருந்தன.

ரிட்டையராகி ஊருக்குப் போன ஒரு ஆபீசரிடம் அருள்நாதன் வாங்கிய கார் அது. கதவுகளின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடு, மெக்கானிக்குகள் டோர் பேடு என்பார்கள், ஒரு காலத்தில் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. நெய்வேலி வெயில் அதை மஞ்சளாக்கியது. கண்ணாடி ஓரங்களில் பழுப்பாக்கியது. அருள்நாதன் போன பிறகு லூசியம்மாளுக்கு வாரிசு வேலை கிடைத்தது. கேன்டீன் வேலை பழகியதும், டவுன்ஷிப்பின் அகலமான காலி ரோடுகளில் தட்டுத் தடுமாறிக் கார் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். உள்ளே என்ன நிறம் என்று அவள் கவனித்ததே இல்லை. ரோட்டைப் பார்க்கவே அவளுக்குக் கண் போதவில்லை.

சைமன்ராஜ் காப்பியை வாங்காமலே பேசினார்.

"பொண்ணு வெள்ளப் பட்டு கட்டிக்கினு இதுல குந்தினா, மேல்பட்டாம்பாக்கம் கோயிலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள புடவ என்னா கதி ஆவும்? மாப்ள வூட்டுக்காரங்க சிரிக்க மாட்டாங்க? நான் பெரிய வண்டி ஒண்ணு சொல்லிடறேன். ஏசி வண்டி. ரெஜினா அதுல வரட்டும். நீ பொம்பளைங்களோட வேன்ல பின்னாடி வந்துடு."

பின்னாடி. அந்த வார்த்தை லூசியம்மாளுக்குப் புதிதில்லை. அருள்நாதனை அடக்கம் பண்ணிய பிறகு வந்த ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லியிருந்தார்கள். ஞானஸ்நானத்தில், 'லூசி, நீ கொஞ்சம் பின்னாடி நில்லு.' புது வீடு மந்திரிப்பில், 'லூசி, நீ பின்னாடி வந்து பந்தியப் பாத்துக்க.' தாலி இழந்தவளை விலக்கி வைப்பதா என்று யாரிடமாவது கேட்டால், "நம்மள்ல அதெல்லாம் கெடையாது" என்று உடனே பதில் வரும். பதில் சொன்ன அதே வாய் அடுத்த விசேஷத்துக்கு மறுபடியும் பின்னாடி என்று சொல்லும்.

"மாமா, பீடம் வரைக்கும் நீங்கதான் அவ கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போவணும். அதுல எனக்கு ஒரு பேச்சும் இல்ல. ஆனா கோயில் வாசல் வரைக்கும் நான் கொண்டாறேன். கறைதான் பிரச்சினைன்னா அத எடுத்துடறேன்."

"எங்க எடுக்கறது? கெழட்டுக் காரு, பல்லு மஞ்சளாப் போச்சி. சொரண்டினாலும் போவாது."

"போயிடிச்சின்னா?"

"போயிடிச்சின்னா நீயே ஓட்டிக்கினு வா. நானா வேணாங்கறேன்?"

முத்தாண்டிக்குப்பத்துக்குத் திரும்பிப்போக ஸ்கூட்டரை உதைத்தபோதும் அவர் கையைத் தூக்கிக் கறையைப் பார்த்துக்கொண்டார். லூசியம்மாளுக்கு என்னவோ, அந்தக் கறை அவருக்குக் கொஞ்சம் சவுகரியமாகவே இருந்த மாதிரிப் பட்டது.

"விடேம்மா," என்றாள் ரெஜினா. "ஏசி வண்டியில போனா எனக்கும் வேர்க்காது, மேக்கப் கலையாது."

"உனக்கு அந்த வண்டிதான் வேணுமா?"

"எனக்கு சண்ட வேணாம்."

"நான் கேட்டது அது இல்ல."

ரெஜினா காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் லூசியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரோடு காரில் ஏறினாள். கைப்பிடி ஸ்க்ரூவைக் கழற்றி, தகட்டின் விளிம்புக்குள் வடைக்கரண்டிக் காம்பை விட்டு நெம்பினாள். கிளிப்புகள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று விட்டன. ஒன்று உடைந்து தெறித்து முருங்கை மரத்தடியில் விழுந்தது. தோல் உரித்த ஆட்டைப் போல, கதவுகள் உள்ளே இருந்த இரும்பும் ஒயருமாக நின்றன. சித்திரை வெயில் குவார்ட்டர்ஸ் கூரைகளின் மேல் கொதித்துக்கொண்டிருந்தது. அனல் மின் நிலையப் புகைபோக்கிகளிலிருந்து கிளம்பிய புகை காற்றில்லாமல் அந்தரத்தில் நின்றது, எங்கே போவதென்று யோசிப்பதுபோல.

பாத்திரம் விளக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தாள். முதலில் கறுப்பாக ஓடியது, பிறகு டீ நிறத்தில், பிறகு தெளிவாக. டீசல் பிசுக்கு போய்விட்டது. மஞ்சள் மட்டும் போகவில்லை. அது மேலே ஒட்டியிருந்த அழுக்கு இல்லை, பிளாஸ்டிக்கின் உள்ளேயே இறங்கியிருந்தது.

அந்த நேரத்தில்தான் செல்லக்கிளி வந்தாள். மெயின் பஜாரில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள், ரெஜினாவுக்குக் கல்யாண மேக்கப் போட இருப்பவள். ஒரு கையில் மேக்கப் பெட்டி, இன்னொரு கையில் பண்ருட்டிப் பலாச்சுளைப் பொட்டலம்.

"இன்னாக்கா இது, காரத் தோலுரிச்சிக் காயப் போட்டுகினு கீற?"

லூசியம்மாள் சொன்னாள். மூத்தார் சட்டையில் ஏறிய கறையிலிருந்து ஒன்றும் விடாமல் சொன்னாள். செல்லக்கிளி படியில் உட்கார்ந்து சுளை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள். கடைசியில் எழுந்து வந்து தகட்டை நகத்தால் சுரண்டினாள்.

"என் பார்லர்ல டை கலக்கற கிண்ணம் ஒண்ணு கீது. இதே மாரிதான், மஞ்ச புடிச்சிப் போச்சி. ஒரு நாளு முடி வெளுக்கறதுக்குப் போடுவோமே டெவலப்பரு, அந்த க்ரீம் அதுல கொட்டிப்போயி அப்படியே ஜன்னலாண்ட வெச்சிட்டேன். சாயங்காலம் பாத்தா வெயில் பட்ட பக்கம் மட்டும் புதுக்கிண்ணம். முடிய வெளுக்கறது பிளாஸ்டிக்க வெளுக்காதா?"

"வெளுக்குமா?"

"வெளுத்தா காரு. வெளுக்கலன்னா பழைய சாமானு கடைக்காரன். கைல உறை மாட்டிக்க, தோல அரிக்கும்."

தலைக்குச் சாயம் பூசும் பிரஷ்ஷாலேயே இருவரும் பூசினார்கள். மேலே பாலிதீன் தாளைப் போர்த்தி, தகடுகளைக் கட்டிலில் பரப்பி வெயிலில் வைத்தார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தனகோட்டி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"லூசிக்கா, காருக்கு ஃபேஷியலா?"

"ஆமாண்டா. முடிஞ்சதும் ஒன்ன உக்கார வெக்கறேன், ஒன் மூஞ்சிக்கும் மிச்சம் கீது," என்றாள் செல்லக்கிளி.

மறுநாளும் அப்படியே பூசி வைத்துவிட்டு லூசியம்மாள் ஷிப்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது காற்று பாலிதீனைத் தூக்கி முருங்கையில் மாட்டியிருந்தது. தகடுகளைக் கழுவிப் பார்த்தாள். வெளுத்திருந்தது. ஆனால் அங்கங்கே திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. க்ரீம் ஈரமாக இருந்த இடம் வெண்ணெயாகவும், காய்ந்துபோன இடம் மஞ்சளாகவும், நடுவில் வழிந்த கோடுகளுமாக.

"அய்யய்யோ," செல்லக்கிளி வாயைப் பொத்திக்கொண்டாள். "காருக்குத் தேமல் விழுந்துடிச்சே!"

ரெஜினாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுபோனது. லூசியம்மாள் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் சட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னைவிட மோசமாகிவிட்டது. முன்பு பழசாக இருந்தது, இப்போது சீக்குப் பிடித்ததாக இருந்தது.

"பேசாம ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சிடலாங்க்கா. ஒரே நிமிஷம். எந்தக் கலரு வேணுமோ அந்தக் கலரு."

"வேணாம். மூடி மறைச்சேன்னு ஒரு சொல்லு வரக் கூடாது. கறை போயிட்டுதுன்னு அவரு கண்ணால பாக்கணும்."

அன்று இரவுச் சோற்றை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய வண்டி சொல்லியாகிவிட்டது என்று சைமன்ராஜ் போனில் சொன்னதற்கும், "சரி மாமா, பாப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

விடிகாலையில் கேன்டீனில், ஆவி பறக்கும் பெரிய இட்லிப் பானைக்கு முன்னால் நின்றிருந்தபோது கூட வேலை செய்யும் கலியம்மாள் ஒரு தட்டைத் தூக்கிக் கவிழ்த்தாள். பாதி இட்லி துணியிலேயே பிய்ந்து நின்றுவிட்டது.

"துணிய நல்லா நனைச்சியா?" லூசியம்மாள் பழக்கத்தில் அதட்டினாள். "எங்க காயுதோ அங்க ஒட்டிக்கும்னு எத்தினி தபா சொல்றது?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள்.

"இன்னாங்க்கா?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு என் ஷிப்ட நீ பாத்துக்கறியா? ஒன்னுத நான் ஞாயித்துக்கெழம பாக்கறேன்."

"வூட்டுல கல்யாண வேலையா?"

"ஆமா. இட்லி ஊத்தணும்," என்றாள் லூசியம்மாள். கலியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த நாள் வெயில் முற்றத்தில் இறங்குவதற்குள் எல்லாம் தயாராக இருந்தது. பழைய வெள்ளை வேட்டியைத் தகட்டின் அளவுக்குக் கிழித்து, டெவலப்பரில் நன்றாக ஊற நனைத்து, சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டினாள். மூலை முடுக்கெல்லாம் விரலால் நீவி, கைப்பிடிக் குழிக்குள்ளும் துணியைப் பதித்தாள். மேலே பாலிதீனைச் சுற்றி ஓரங்களை ஒட்டும் டேப்பால் இறுக்கினாள். இனிக் காற்று நுழைய வழியில்லை. பிறகு முக்காட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நிழல் நகர நகரக் கட்டிலை இழுத்தாள். துணி எங்கே வெளிறிக் காய்வதுபோல் தெரிந்ததோ அங்கே பாலிதீனைத் திறந்து பிரஷ்ஷால் தொட்டு மூடினாள். சாம்பல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. அதைச் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டாள்.

ரெஜினா கூழும் மாங்காய்த் துண்டும் கொண்டுவந்தாள். கூழை ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அவளும் உறையை மாட்டிக்கொண்டு எதிரில் குந்தினாள்.

"வாணாம், நீ உள்ள போ. கல்யாணப் பொண்ணு கறுத்துப்பூடுவ."

"செல்லக்கிளியக்கா பூசி வெளுத்துடும். அந்தப் பக்கம் தூக்கும்மா, துணி மடிஞ்சிருக்கு."

இருவரும் தூக்கினார்கள்.

"அம்மா, பெரியப்பா காரு கறைக்காகவா வேணாங்கறாரு?"

"இல்ல."

"தெரிஞ்சிகினே எதுக்கு இதப் போயி தேய்ச்சிகினு கெடக்கற?"

லூசியம்மாள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கறை இருக்கற வரைக்கும் அவரு கறையப் பத்தியே பேசிகினு இருப்பாரு. இது போயிட்டா, அப்பறம் பேச வேற ஒண்ணுதான் பாக்கி. அத அவரு வாயால சொல்லணும். சொன்னாத்தான் நான் பதில் சொல்ல முடியும். சொல்லாதத்துக்கு எப்படிம்மா பதில் சொல்றது?"

ரெஜினா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வியர்வை மூக்கு நுனியில் திரண்டு சொட்டியது. அதைத் துடைக்க இரண்டு பேருக்கும் கை காலியாக இல்லை.

சாயங்காலம் பிரித்தபோது லூசியம்மாளின் விரல் நுனிகள் சுண்ணாம்பு தொட்டதுபோல் வெளுத்துக் குறுகுறுத்தன. உறையில் எங்கோ ஓட்டை. தண்ணீரை ஊற்றினாள். தகடு ஈரத்தில் மினுங்கியது. காய்ந்த பிறகும் நிறம் மாறவில்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே வெண்ணெய். கைப்பிடிக்குக் கீழே மட்டும் மயிரிழையாக ஒரு கோடு இருந்தது; தெரிந்து தேடுகிறவன் கண்ணுக்குத்தான் அகப்படும். உடைந்த கிளிப்புக்குத் தனகோட்டி ஒன்று தேடிக் கொடுத்தான். ரெஜினா முழங்காலால் அழுத்த, லூசியம்மாள் உள்ளங்கையால் தட்ட, தகடுகள் கதவோடு சேர்ந்துகொண்டன.

சைமன்ராஜ் வந்தது கல்யாணத்துக்கு முந்தின வாரக் கடைசியில். அன்றும் வெள்ளைச் சட்டைதான். லூசியம்மாள் ஒன்றும் சொல்லாமல் கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.

அவர் எட்டிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் தகட்டில் அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு கதவுக்குப் போய் அங்கேயும் தேய்த்தார்.

"புதுசு மாத்திட்டியா?"

"அதேதான் மாமா."

"ம்." உள்ளே உட்கார்ந்தார், இறங்கினார். "ஏசி இல்லியேம்மா."

"ஏழு மணிக்கெல்லாம் கெளம்பினா வெயிலு ஏறாது."

"டயரு?"

"புதுசு."

"அது சரி, பண்ருட்டிக்குள்ள நுழைஞ்சா டிராபிக்கு. பலாக்கா லாரிங்க மறிச்சிகினு நிக்கும். பழகின டிரைவருக்கே கஷ்டம்."

"போன வருஷம் அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப, அந்த வழியாத்தான் மாமா கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு போனேன். நீங்க பின் சீட்டுல அக்கா தலைய மடியில வெச்சிகினு வந்தீங்க. நல்லா ஓட்டறன்னு சொன்னீங்க."

"அது ஆத்திர அவசரம்மா. இது நல்ல காரியம்..."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். முருங்கை இலை ஒன்று சுழன்று கார்க் கூரையில் விழுந்தது. ரெஜினா காப்பித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள்.

லூசியம்மாள் நீளமாக மூச்சு விட்டாள்.

"இதான் மாமா. இந்த ஒரு சொல்லு ஒங்க வாயிலேர்ந்து வர்றதுக்குத்தான் இத்தினி நாளா நான் கதவத் தொடச்சிகினு இருந்தேன்."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல லூசி. நம்மள்ல அதெல்லாம் கெடையாது, ஒனக்கே தெரியும். ஊருல நாலு பேரு..."

"கெடையாதுன்னா நான் ஓட்டறேன். உண்டுன்னா உண்டுன்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் ஃபாதராண்ட போயி, எந்தப் புத்தகத்துல எழுதியிருக்குதுன்னு கேட்டுகினு வந்துடலாம்."

"அருளு இருந்திருந்தா..."

"அவரு இருந்திருந்தா அவரு ஓட்டியிருப்பாரு. இல்ல. அதனாலதான் நான் ஓட்டறேன்."

சைமன்ராஜ் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா இறங்கி வந்து காப்பித் தட்டை நீட்டினாள்.

"பெரியப்பா, நான் அம்மா கார்லதான் வருவேன்," என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. "அந்தப் பெரிய வண்டியில நீங்களும் பெரியம்மாவும் வாங்க. பெரியம்மாவுக்கும் ஏசி நல்லது."

அவர் காப்பியைக் குடித்தார். சூடாக இருந்திருக்க வேண்டும், ஆனாலும் ஒரே மூச்சில் குடித்தார். தம்ளரைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை அம்மாவும் மகளும் நின்றார்கள்.

"கோச்சிகினாரா?" என்றாள் ரெஜினா.

"தெரியல. ஆனா பேசியாச்சி."

கல்யாணத்தன்று காலை, மகள் எடுத்துக்கொடுத்த அரக்குப் பட்டில் லூசியம்மாள் ஸ்டீயரிங் பிடித்தாள். முன் சீட்டில் செல்லக்கிளி மேக்கப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மெதுவாக்கா, மை கலையும்" என்று கத்தினாள். பின் சீட்டில் ரெஜினா வெள்ளைப் பட்டின் மடிப்புகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். முத்தாண்டிக்குப்பம் தாண்டியதும் முந்திரிக்காட்டுக் காற்று உள்ளே அடித்தது. பண்ருட்டியில் பலாக்காய் லாரி ஒன்று நிஜமாகவே மறித்துக்கொண்டு நின்றது. லூசியம்மாள் ஹாரன் அடிக்காமல், இடுக்கில் புகுந்து, ஒரு பலாக்காய்க்கும் தன் கண்ணாடிக்கும் விரல் இடைவெளி விட்டுக் கடந்தாள். செல்லக்கிளி கண்ணைத் திறந்தது மேல்பட்டாம்பாக்கம் வந்த பிறகுதான்.

கோயில் வாசலில் கூட்டம் நின்றது. பெரிய வண்டி முன்பே வந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பூத்தட்டோடு முன்னால் வந்தார்கள். லூசியம்மாள் காரைப் படிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள். வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த கோயில் உபதேசியார் குனிந்து, டிரைவர் பக்கம் கண்ணாடியைத் தட்டினார்.

"டிரைவரம்மா, பொண்ண எறக்கிட்டு வண்டிய அந்தப் புளிய மரத்தாண்ட ஓரங்கட்டிடுங்க. நீங்க அங்கயே இருங்க, பூசை முடிஞ்சதும் கூப்புடறோம்."

லூசியம்மாள் வாயைத் திறப்பதற்குள் ஒரு குரல் வந்தது.

"யோவ் உபதேசியாரே, அது டிரைவரு இல்ல." சைமன்ராஜ் படியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் கழுத்து சிவந்திருந்தது. "பொண்ணோட அம்மா. அவங்கதான் ஓட்டிக்கினு வந்தாங்க. நெய்வேலியிலேர்ந்து."

"மன்னிச்சிக்குங்கம்மா, தெரியாம... வண்டி அப்ப இங்கயே நிக்கட்டுமா?"

"இங்க நின்னா மத்த வண்டிக்கு வழி இருக்காது," என்றாள் லூசியம்மாள். "நானே போட்டுட்டு வரேன். மாமா, அவ கையப் புடிச்சிக்குங்க. நான் வர்ற வரைக்கும் உள்ள போவ வேணாம்னு ஃபாதராண்ட சொல்லிடுங்க."

சைமன்ராஜ் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு படியில் நின்ற சாமியார் பக்கம் திரும்பி, "ஃபாதர், கொஞ்சம் நில்லுங்க," என்று உரக்கவே சொன்னார். "பொண்ணு அம்மா வரணும்."

ரெஜினாவும் செல்லக்கிளியும் இறங்கியதும் லூசியம்மாள் ரிவர்ஸ் கியரைப் போட்டாள். புளிய மரத்தடியில் இரண்டு வேன்களுக்கு நடுவே குறுகலாக ஒரு இடம் இருந்தது. ஒரே திருப்பில் நுழையவில்லை. வெளியே எடுத்து, சக்கரத்தை நேராக்கி, மறுபடியும் விட்டாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கண்ணாடிகளை ஏற்றி, கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். அங்கே வெள்ளைப் பட்டில் மகளும், அவள் கையைப் பிடித்தபடி மூத்தாரும், பூத்தட்டோடு பெண்களும், அங்கியோடு சாமியாரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். லூசியம்மாள் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள். ஓடாமல், நடந்தே போனாள்.